படிவம் ஒன்றுக்கு ஒரு நாவல்

தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. நம் பிள்ளைகள் பலரின் தமிழ் வாசிப்பு நின்றுபோவது இந்த 13 வயதில்தான்.

பெற்றோரே, படம் பார்த்த ஆசையில் 5 பாகப் 'பொன்னியின் செல்வ'னை எடுத்த எடுப்பிலேயே நீட்டாதீர்கள். ஜெயமோகனின் 'பனிமனிதன்' நல்ல தொடக்கம். இமயமலையில் ஒரு தேடல், எளிய நடை. அடுத்து, கல்கியின் 'பார்த்திபன் கனவு'. நாடு கடத்தப்படும் சோழ இளவரசன் ஒருபுறம், அந்தச் சிவனடியார் யார் என்ற மர்மம் மறுபுறம்.

படிவம் மூன்றுக்கு வந்ததும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்ற ரோபோ நாயை யாருக்குத்தான் பிடிக்காது? பிறகு, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. ஜப்பானியர் காலத்தில் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் கதை. கனமானது, நீங்களும் சேர்ந்து வாசியுங்கள்.

வானொலியில் பேசுபவள் என்பதால் ஒரு யோசனை: முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். சுவையான கட்டத்தில் நிறுத்திவிடுங்கள். மீதியைப் பிள்ளையே புரட்டும்.