உங்களுக்குத் தெரியுமா? முன்பாரம், பின்பாரம்

சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு காலத்தில் மதுரைச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் கூண்டு வண்டி கட்டி வந்து, வைகைக் கரையில் அந்த வண்டியோடே தங்கின. ஏறி உட்காரும் முன் வண்டிக்காரர் பாரம் பார்ப்பார். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். முன்னால் சற்றே கனம் நிற்பதுதான் சரி.

காரின் பின்னால் கேரவன் என்னும் சக்கர வீட்டை இழுப்பவர்களுக்கும் இதே கணக்குதான். கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் இணைப்புக் கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். 2,000 கிலோ கேரவனுக்கு 200 முதல் 300 கிலோ. அதற்குக் கீழே போனால் கேரவன் வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடினால் ஆட்டமும் கூடும்.

அந்த 300 கிலோ இறங்குவது காரின் பின்சக்கரத்துக்கும் பின்னால். பின்பக்கம் அமிழும், முன்பக்கம் எழும்பும். வண்டியைத் திருப்புவதும் பிரேக்கில் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சக்கரங்கள்தான். அவற்றின் பிடி தளர்வதுதான் உண்மையான ஆபத்து. இரவில் முகப்பு விளக்கு வேறு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

எடையைப் பங்கிடும் கொக்கி வந்தது இதற்காகவே. அதிலிருந்து இரண்டு ஸ்பிரிங் எஃகுத் தண்டுகள் கேரவன் சட்டத்தின் அடியில் நீளும். அவற்றின் நுனியைச் சங்கிலியால் மேலே இழுத்து மாட்டுவார்கள். அந்த விறைப்பால் இணைப்பு தொய்யாது. பின்சக்கரத்தில் குவிந்த எடையில் ஒரு பங்கு காரின் முன்சக்கரத்துக்கும் இன்னொரு பங்கு கேரவன் சக்கரத்துக்கும் போய்விடும். மொத்த எடை ஒரு கிலோகூடக் குறையாது. பின்பாரமாக ஏற்றியதை எந்தக் கொக்கியும் திருத்தாது.

வாலாட்டம் வந்துவிட்டால்? காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். கேரவன் பிரேக்கை மட்டும் காரிலிருந்தே கையால் இயக்கும் வசதி இருந்தால் அதை மெல்லப் போடலாம்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கரும்பும் வைக்கோலும் ஏற்றும் டிராக்டருக்கும் இந்த விதி உண்டு. இரண்டு சக்கர டிரெய்லரின் பாரம் கொக்கியில் விழுவதால், டிராக்டரின் மூக்கில் இரும்பு எடைக்கட்டிகள் மாட்டுகிறார்கள். நான்கு சக்கர டிரெய்லர் தன் எடையைத் தானே சுமக்கும். சேற்றில் சிக்கியதை இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டினால், டிராக்டர் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர் மேலேயே மல்லாந்துவிடும். கீழே உள்ள இழுவைக் கட்டையில் மட்டுமே கட்டுங்கள். அந்தக் கட்டையின் மேல் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.