திடலா? குளமா?

ஐப்பசி பிறந்தால் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து உழவர் வானத்தைப் பார்த்து மகிழ்கிறார். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மழை வேண்டுமே! அதே வானத்தைப் பார்த்து அவர் மகன் முகம் வாடுகிறான். அவன் ஓட்டக்காரன். அவன் ஓடுவதற்கு இருப்பது ஒரே திடல். ஒருநாள் அடைமழை பெய்துவிட்டால் அது திடலல்ல, குளம்!

கரிசலின் குணத்தை நம் மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீரைக் குடித்தால் உப்பும்; காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். உப்பிய பின்னர் தண்ணீரை எளிதில் கீழே இறங்கவிடாது. பயிருக்கு அது பால்; பந்தாட்டத்துக்கு அது பகை. நான் படித்த பள்ளியில் ஒருநாள் மழைக்கு ஒருவாரம் விளையாட்டு இல்லை. எருமைகள் திடலில் சுகமாகப் படுத்திருப்பதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே உடற்பயிற்சி வகுப்பை முடித்தோம். எருமைக்கு இருந்த உரிமை எங்களுக்கு இல்லை!

"மழை பெய்தால் தேங்கத்தானே செய்யும்? இதையும் எழுத வந்துவிட்டாயா?" என்பார்கள் சிலர். அவர்களைக் கொஞ்சம் பெங்களூருக்கு அழைத்துப் போகிறேன். 2015 நவம்பரில் அங்கே சின்னசாமி அரங்கில் தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட் பந்தயம். முதல்நாள் மட்டுமே ஆட்டம். மற்ற நான்கு நாளும் மழைக்கே அர்ப்பணம். விதி என்று விட்டார்களா? இல்லை. திடலை மணற்பாங்காக மாற்றி, அடியில் குழாய்களைப் பதித்து, நீரை உறிஞ்சி இழுக்கும் பொறியை 2017-இல் அமைத்தார்கள். 2024 அக்டோபர் 16-ஆம் நாள் ஆட்டத்தை மழை முழுதும் விழுங்கியது. மறுநாள் காலையில் ஆட்டம் தொடங்கிவிட்டது. அன்று இந்தியா 46 ஓட்டங்களில் சுருண்டதே, அதற்கு வடிகால் பொறுப்பல்ல!

அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லிக்குப் பக்கத்தில், கிரேட்டர் நொய்டாவில் நடந்ததையும் கேளுங்கள். ஆப்கானிஸ்தான், நியூசிலாந்து அணிகள் வந்து காத்துக்கிடந்தன. முதலிரண்டு நாள் ஈரத்திடல் தடுத்தது. பிறகு மழையே வந்துவிட்டது. ஐந்து நாளும் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. மின்விசிறிகளைக் கொண்டுவந்து மண்ணுக்குக் காற்று வீசினார்கள், தோழர்களே! உலகமே பார்த்துச் சிரித்தது.

கொழும்பில் அப்படியல்ல. அங்கே திடல் முழுவதையும் விரிப்பால் மூடக் கற்றிருக்கிறார்கள். 2023 ஆசியக் கோப்பையின்போது மழைக்கும் வெயிலுக்கும் இடையே ஓடி ஓடி விரிப்பை இழுத்த கொழும்பு, கண்டித் திடல் தொழிலாளர்க்கு 50,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டது. இறுதி ஆட்டத்தின் நாயகன் சிராஜ் தம் பரிசுப் பணத்தையும் அவர்களுக்கே தந்தார். வியர்வைக்குத் தந்த மரியாதை அது.

நமக்கு உறிஞ்சும் பொறி வேண்டாம். நடுவில் சற்றே மேடு, ஓரங்களுக்குச் சரிவு, சுற்றிலும் வடிகால், ஓடுபாதைக்கு அடியில் கரிசலை நீக்கிவிட்டுச் சரளையும் மணலும். இவ்வளவுதான். ஆனால் வடிகாலுக்கு ஒரு முடிவிடம் வேண்டும். ஏரியோ ஓடையோ எதிலாவது அது சேர வேண்டும். இங்கேதான் வேடிக்கை. வெட்டிய வடிகால் மதிற்சுவரோடு நின்றுவிடும். சுவருக்கு அப்பால் யார் பொறுப்பு என்று கேட்டால், ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டும். கோப்பு ஓடுகிறது, தண்ணீர் ஓடவில்லை!

ஆயிரமாண்டுக்கு முன்பு, இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தருகே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான் இராசேந்திரன். கொள்ளிடத்து நீரைக் கால்வாய் வழியே வரவழைத்த மண் இது. ஒரு திடலின் நீரை வெளியே அனுப்ப வழி தெரியாமல் விழிப்பதா?

விளையாட்டுத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பை ஹாக்கியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். அவரைப்போல் இன்னும் எத்தனை பிள்ளைகளோ! பயிற்சி வேண்டிய மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை திருச்சிக்கோ சென்னைக்கோ போய்விடும். மற்றதுகள் சன்னலோரம் நிற்கும்.

இரு மாவட்டத் தலைநகரிலும் விளையாட்டு அரங்கம் உண்டு. பொறியாளர் ஒருவர், கோடையில் அல்ல, மழை விட்ட மறுநாள் காலையில் வந்து, எந்த மூலையில் நீர் நிற்கிறது என்று நடந்து பார்க்கட்டும். செருப்பை வாயிலிலேயே கழற்றிவிட்டு வரட்டும். கரிசல் அதைத் திருப்பித் தராது.