கல்லு காயுது, மாமா!

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி மாடிப்படி ஏறினேன். அக்கா மகனின் அறைக்குள் வீட்டார் யாருக்கும் அனுமதி கிடையாது. எனக்கு மட்டும், "சத்தம் போடாம உக்காந்தா பாக்கலாம் மாமா" என்று சலுகை. நீங்களும் வாருங்கள். கட்டில் ஓரத்தில் இடமிருக்கிறது, அந்த ஈரத் துண்டை மட்டும் தள்ளிவிடுங்கள்.

ஆட்டத்தின் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999-இல் வந்து, 2019-இல் மெருகேறி மறுபடி வந்தது. எதிரி கம்ப்யூட்டர். அதை 'ஹார்ட்' நிலையில் வைத்து இவன் ஒருதரம்கூட ஜெயித்ததில்லை. இன்றைக்கு விடுவதில்லையாம்!

மேஜையில் மூன்று காபி டம்ளர், பாதி மிக்சர் பொட்டலம், கீபோர்டு இடுக்கில் மீதி மிக்சர். எச் எழுத்து மட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. சுவரில் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள்: '6 பேர் ஆடு, 4 பேர் மரம், அடுத்தவன் பன்றி.' "போர்த்தந்திரம் எங்கேடா?" என்றேன். "இதுதான் மாமா அது."

தொடங்கிவிட்டான். ஆட்களை உருவாக்க ஒரு டவுன் சென்டர், வேலை பார்க்க 3 வில்லேஜர், ஊர் சுற்றிப் பார்க்க ஒரு குதிரைக்காரன். கையிருப்பு 200 உணவு. ஒரு வில்லேஜர் உருவாக 50 உணவு, 25 விநாடி. ஆக, 4 பேருக்குத்தான் கட்டுபடியாகும். அதற்குள் ஆட்டுக்கறி வந்து சேராவிட்டால் டவுன் சென்டர் சும்மா நிற்கும். அதற்கு இவன் வைத்திருக்கும் பெயர் 'கல்லு காயுது'. அடுப்பில் தோசைக்கல், ஊற்ற மாவு இல்லை! எச்சைத் தட்டினால் திரை டவுன் சென்டருக்கே தாவும். மூச்சுக்கு ஒரு தரம் தட்டுகிறான். வழுக்கையின் ரகசியம் இதுதானா!

"இப்ப பன்றி. பேசாதீங்க." ஒருத்தன் போய்க் காட்டுப்பன்றி மேல் அம்பு விட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வருகிறான், பன்றி பின்னாலேயே. டவுன் சென்டர் வாசலில் ஆடு உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அடிக்க, 340 உணவு லாபம். எனக்குக் கை ஊறியது. கெஞ்சி மௌஸை வாங்கினேன். இரண்டாவது பன்றியைச் சீண்டியதெல்லாம் சரி, ஓடச் சொல்லத்தான் மறந்துவிட்டேன். ஆள் காலி. பையன் ஒன்றும் சொல்லாமல் மௌஸை வாங்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

ஆட்டத்தை நிறுத்திவைத்து, "எதிரியோட மூளையைப் பாக்கிறீங்களா?" என்றான். பார்க்காமலா! இந்த ஆட்டத்தில் கம்ப்யூட்டர் எதிரியை ஆடுகிறவர்களே எழுதிக்கொள்ளலாம். பழகுவதற்காக இவனும் குட்டி எதிரி ஒன்றை எழுதியிருக்கிறான். உள்ளே வெறும் எழுத்துதான். 'இப்படி இருந்தால் இப்படிச் செய்' என்று வரிசையாக விதிகள். தங்க இடம் குறைந்தால் வீடு கட்டு. 500 உணவு சேர்ந்தால் அடுத்த யுகத்துக்குப் போ. ஒரு விதி நம்மிடம், 'சாப்டியா?' என்று வேறு கேட்கிறது. "இதுக்குப் பெரிய அறிவெல்லாம் இல்ல மாமா. மறதி கிடையாது, அவ்ளோதான். நான் சண்டைய வேடிக்கை பாத்துட்டு கல்லைக் காயவிடுவேன், அது விடாது."

மறுபடி களம். இவன் படை திராவிடர்கள். 2022-இல் ஆட்டத்தில் சேர்ந்தவர்கள். கூடவே ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும் வந்தது. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சீர் மாதிரி வந்து இறங்குகிறது. ஆனால் நைட் என்கிற கனத்த குதிரைவீரன் இவர்களுக்குக் கிடையாது. கம்ப்யூட்டர் அனுப்பியதோ அதே நைட்டுகளை! நான் கண்ணை மூடிக்கொண்டேன். பையன் ஈட்டிக்காரர்களை முன்னால் நிறுத்தினான். குதிரைக்கு ஈட்டிதான் எமன். பக்கவாட்டில் உருமி வாள் சுழற்றுகிறவர்கள் பாய்ந்தார்கள். ஃபேன் ஐந்தில் சுற்றியும் அவன் மூக்கு நுனியில் வியர்வை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அவன் இடது கையை. அவ்வளவு ரகளையிலும் அது எச்சைத் தட்டுவதை விடவில்லை. முன்னால் ஆட்கள் விழ விழ, பின்னால் வில்லேஜர் வந்துகொண்டே இருந்தார்கள். ஈட்டிக்கு மரமும் உணவும் குறையவே இல்லை. எதிரியின் குதிரைகள்தான் மெலிந்துகொண்டு வந்தன.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் சரணடைந்தது. பையன் நாற்காலியோடு மூன்று சுற்று சுற்றினான். ஒரு டம்ளர் உருண்டது. பன்றிக்குப் பலியானவனைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

கீழேயிருந்து அக்கா குரல்: "எவ்ளோ நேரம்டா? கல்லு காயுது!"

பையன் கை தானாக எச்சைத் தட்டியது.