மலை ஏறும் ரயிலும் மறையாத ஆற்றலும்

மும்பையிலிருந்து புணே வழியாகத் தமிழ்நாட்டுக்குப் பயணம் செய்யும் நம்மவர் யாவரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் போர் காட் என்னும் ரயில் பாதையைக் கடந்தே செல்கின்றனர். அடிவாரத்திலுள்ள கர்ஜத் நிலையத்தில் பெரும்பாலான விரைவு வண்டிகளின் பின்புறத்தே துணை எஞ்சின்கள் பூட்டப்படுகின்றன. மலையுச்சியிலுள்ள லோணாவளாவில் அவை கழற்றப்படுகின்றன. ஊரிலிருந்து திரும்பி வரும்போதோ, வண்டி இறங்கும் வழியில், ஏறுவாரும் இறங்குவாரும் இல்லாத இடங்களிலே சற்று நின்று செல்கிறது. ஏன் இவ்வாறு என்று குழந்தைகள் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை காண முயன்றால், பள்ளிப் பாடத்தில் வரும் விசை, ஆற்றல் ஆகிய இரண்டின் இயல்பும் நமக்குத் தெளிவாகிவிடும்.

முதற்கண் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். வெளிமாநிலங்களில் வாழும் நம் குழந்தைகள் இப்பாடத்தை இந்தியிலோ, மராத்தியிலோ, ஆங்கிலத்திலோ பயில்கின்றனர். வீட்டில் நாம் எதனையும் 'சக்தி' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். அங்கேதான் குழப்பம் எழுகின்றது. இந்தி, மராத்திப் பாடநூல்கள் 'பல்' என்று கூறுவது தமிழில் விசை. 'ஊர்ஜா' என்பது ஆற்றல். அந்நூல்களில் 'சக்தி' என்பது இவ்விரண்டும் அன்று. ஒரு வேலை எவ்வளவு விரைவில் செய்யப்படுகிறது என்னும் அளவையே அது குறிக்கும். அதனைத் தமிழில் திறன் என்பர்.

விசையாவது தள்ளுதல் அல்லது இழுத்தல். நிற்கும் பொருளை நகர்த்தவும், நகரும் பொருளை நிறுத்தவும், திசை திருப்பவும் விசை வேண்டும். ஆற்றலாவது வேலை செய்வதற்குரிய தகுதி. விசையால் ஒரு பொருள் விசையின் திசையில் நகர்ந்தால்தான் வேலை நடந்ததாக இயற்பியல் ஒப்புக்கொள்ளும். ஒருவர் நாள் முழுதும் சுவரைத் தள்ளிக் களைத்துப் போகலாம். சுவர் அசையாதவரை அவர் சுவர்மீது செய்த வேலை சுழியமே. விசையையும் அதன் திசையில் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது வேலை.

இனி வண்டி மலை ஏறுவதைக் காண்போம். 1863-இல் திறக்கப்பட்ட இப்பாதையில், 37 மீட்டர் செல்வதற்குள் 1 மீட்டர் உயரும் செங்குத்தான பகுதிகள் உள்ளன. கணக்கின் எளிமைக்காக வண்டியின் எடை 1,000 டன் என்று கொள்வோம். அத்தகைய சரிவில் புவியீர்ப்பு விசை வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் அளவு, மொத்த எடையில் 37-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 27 டன் எடைக்குச் சமம். முன் எஞ்சின் மட்டுமே இதனை இழுப்பதாயின் முதற்பெட்டியின் இணைப்புக் கொக்கி அப்பளுவைப் பெரும்பாலும் தானே தாங்க வேண்டும். வழவழப்பான இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வழுக்காமல் பற்றிக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவேதான் பின்னிருந்து தள்ளும் துணை எஞ்சின்கள் தேவைப்படுகின்றன. இது விசையைப் பற்றிய செய்தி.

சரிவுப் பாதை விசையைக் குறைத்துத் தருகிறதேயன்றி, வேலையைக் குறைப்பதில்லை. 500 மீட்டர் உயரத்தை இச்சரிவில் ஏற 18½ கிலோமீட்டர் செல்ல வேண்டும். 1,000 டன்னை 500 மீட்டர் நேரே தூக்கினாலும், அதில் 37-இல் ஒரு பங்கு விசையால் 37 மடங்கு தூரம் இழுத்தாலும் வேலை ஒன்றே. அதன் அளவு ஏறத்தாழ 490 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் இது 1,360 யூனிட். மாதம் 100 யூனிட் செலவிடும் ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மேல் போதுமான அளவு இது.

லோணாவளாவை அடைந்ததும் இவ்வளவு ஆற்றலும் எங்கே சென்றது? அழிந்துவிடவில்லை. உயரத்தில் நிற்கும் வண்டியிடமே அது மறைந்து நிற்கின்றது. இதனை நிலையாற்றல் என்பர். திரும்பி வரும் வண்டி இறங்கத் தொடங்கியதும் அந்த நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாற முற்படுகிறது. உராய்வும், காற்றின் தடையும், பிரேக்கும் இல்லையென வைத்துக்கொண்டால், 500 மீட்டர் இறங்கிய வண்டி அடிவாரத்தில் மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து வரும். வண்டி கனமானதாயினும் இலேசானதாயினும் இவ்வேகம் மாறாது. வளைவுகளும் குகைகளும் நிறைந்த பாதையில் அதன் விளைவைக் கூறவேண்டுவதில்லை.

ஆதலால் இறங்கும் வண்டி வழியில் நிறுத்தப்பட்டு, அதன் பிரேக் செம்மையாக வேலை செய்வது உறுதி செய்யப்படுகிறது. சில இடங்களில் பாதையிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் கிளைப்பாதைகளும் உண்டு. கட்டுமீறி வரும் வண்டி அதில் திருப்பப்பட்டால், ஏற ஏற அதன் இயக்க ஆற்றல் மீண்டும் நிலையாற்றலாகி, வண்டி தானே நின்றுவிடும். உயிர்களைக் காக்கும் இவ்வேற்பாடு ஆற்றல் மாற்றத்தையன்றி வேறெதனையும் நம்பி அமைந்ததன்று.

பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தும்போது உராய்வு விசையால் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. நாம் கணக்கிட்ட 490 கோடி ஜூலும் வெப்பமாகுமாயின், சாதாரண நிலையிலுள்ள 16,000 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். அவ்வளவும் காற்றில் கலந்து நமக்குப் பயன்படாமற் போகிறது. இதனைத் தவிர்க்க இக்காலத்து மின்சார எஞ்சின்களில் வேறு வழி காணப்பட்டுள்ளது. இறங்கும்போது அவற்றின் மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி வண்டியின் வேகத்தைத் தடுக்கின்றன. அப்போது பிறக்கும் மின்சாரம் மேலேயுள்ள கம்பிக்குத் திரும்பிச் செல்கிறது. ஒரு வண்டி இறங்குகையில் தரும் ஆற்றல் மற்றொரு வண்டி ஏறுவதற்கு உதவக்கூடும்.

இதே மலையிலிருந்து இறங்கும் பொருள் மற்றொன்றும் உண்டு. அது தண்ணீர். லோணாவளாப் பகுதியின் ஏரிகளில் தேங்கும் மழைநீர், குழாய்களின் வழியே சுமார் 500 மீட்டர் கீழே இறங்கி, கோபோலி மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1915-இல் டாட்டா நிறுவனத்தார் தொடங்கிய இந்நிலையத்தின் மின்சாரம் அக்காலத்தில் பம்பாயின் துணி ஆலைகளுக்குச் சென்றது. அவ்வுயரத்திலிருந்து விழும் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 4,900 ஜூல் தரும். ஆகவே ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் குறைந்தது 735 லிட்டர் நீர் இறங்க வேண்டும். அந்நீரை மலைமேல் ஏற்றியது யார்? கடல் நீரை ஆவியாக்கிய கதிரவனே. கதிரவனின் வெப்பம் மேகமாகி, மழையாகி, நிலையாற்றலாகி, இயக்க ஆற்றலாகி, முடிவில் மின்னாற்றலாகி நம் வீட்டு விளக்கில் ஒளிர்கின்றது.

இம்மாற்றங்களில் கணக்கு ஒருபோதும் தவறுவதில்லை என்பதை நிலைநாட்டியோருள் ஒருவர் ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேயர். கீழிறங்கும் எடைக்கற்களைக் கொண்டு, நீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று 1840களில் அவர் அளந்தார். ஆற்றலின் அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவே இயலும். எனினும் வெப்பமாகிப் பரவிவிட்டதை மீண்டும் முழுமையாக வேலைக்குக் கொண்டுவருதல் இயலாதாகையால், வீணாக்காதிருத்தல் நம் கடன்.

அடுத்த முறை ஊருக்குச் செல்கையில் கர்ஜத்தில் எஞ்சின் பூட்டும் ஓசை கேட்டதும், குழந்தைகளை விழித்திருக்கச் செய்வோம். அவர்கள் பள்ளியில் 'ஊர்ஜா' என்று படித்ததும், நாம் ஆற்றல் என்று சொல்வதும் ஒன்றே என அப்பாதையிலேயே காட்டுவோம். எம்மொழியில் கற்றாலும் பொருள் ஒன்றே. அதனைத் தாய்மொழியில் ஒருமுறை கேட்ட குழந்தைக்கு அது மனப்பாடமாக இராது, சொந்த அறிவாக நிலைக்கும்.