பெட்ரோல் பங்கில் அளவு கேட்பது நம் உரிமை



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் நம் சமுதாய இளைஞர்கள் பலர் இரு சக்கர வாகனத்தை நம்பியே பிழைக்கிறார்கள். உணவு டெலிவரி, கூரியர், பைக் டாக்ஸி என்று எந்த வேலையாக இருந்தாலும் அன்றாட முதல் செலவு பெட்ரோல்தான். நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் பெற்று வண்டி வாங்கியவர்கள் தவணை செலுத்த வரும்போது, "மைலேஜே வர்றதில்ல பாய், பங்க்ல அளவு குறையுது போல" என்று அடிக்கடி சொல்கிறார்கள். இந்தச் சந்தேகம் எப்போது நியாயமானது, அதை எப்படிச் சோதிப்பது, யாரிடம் முறையிடுவது என்பதை விளக்கவே இக்கட்டுரை. வேலைக்காக வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் செல்வோருக்கான குறிப்புகளும் இதில் உண்டு.

சிறு குறைவு, பெரிய இழப்பு

கணக்குக்கு எளிதாக, லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். தினமும் 3 லிட்டர் போடும் ஒருவருக்கு நூற்றுக்கு 5 பங்கு குறைந்தால் 150 மில்லி போகிறது. நாளொன்றுக்கு 15 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் 390 ரூபாய். வருடத்துக்கு 4,680 ரூபாய். கார் வைத்திருப்பவர் இதைக் கவனிக்காமல் போகலாம். டெலிவரி செய்பவர் வீட்டில் இது ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகம், சீருடைச் செலவு.

அளவையில் குறைப்பதை நம் மார்க்கம் சிறு பிழையாகக் கருதவில்லை. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. மத்யன் மக்களிடம் நபி ஷுஐப் (அலை) செய்த பிரச்சாரத்திலும், அளவையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுங்கள் என்பது முக்கியமான பகுதி. பிற்கால இஸ்லாமிய நகரங்களில் கடைவீதியின் எடைக்கல்லையும் படியையும் சோதிக்க 'முஹ்தஸிப்' என்ற அதிகாரி இருந்தார். இன்று அந்த வேலையைச் செய்பவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள்.

எந்திரம் எப்படி அளக்கிறது?

தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல், எந்திரத்துக்குள் இருக்கும் மீட்டர் வழியாகப் பாய்கிறது. மீட்டர் சுழலச் சுழல, 'பல்சர்' என்ற கருவி அதை மின் துடிப்புகளாக மாற்றுகிறது. துடிப்புகளை எண்ணித்தான் திரையில் லிட்டரும் ரூபாயும் ஓடுகின்றன. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இன்படி இந்த எந்திரங்கள் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும்.

முத்திரையை மீறி உள்ளே கைவைத்த சம்பவங்களும் உண்டு. 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத் தலைநகர் லக்னோவில் சிறப்புக் காவல் படையினர் பங்குகளில் சோதனை நடத்தினர். எந்திரத்துக்குள் சிப் பொருத்தி, ரிமோட் மூலம் இயக்கி, அளவைக் குறைத்தது அப்போது வெளிப்பட்டது. திரையில் கணக்கு சரியாகத்தான் ஓடும். வண்டிக்குள் இறங்குவது குறையும். இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே அளந்து பார்ப்பது ஒன்றே வழி.

5 லிட்டர் அளவை கேளுங்கள்

ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைப் பாத்திரம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் எந்த வாடிக்கையாளரும் அதில் அளந்து காட்டச் சொல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. பாத்திரத்தை முதலில் பெட்ரோலால் நனைத்து வடித்துவிட்டு, பிறகு திரையில் 5 லிட்டர் வரும்வரை பிடிப்பார்கள். கழுத்துப் பகுதியில் உள்ள கோட்டைப் பார்த்தால் கூடுதலா, குறைவா என்று தெரிந்துவிடும்.

அனுமதிக்கப்பட்ட வேறுபாடு 5 லிட்டருக்கு 25 மில்லி. அதற்குள் இருந்தால் அது மோசடி அல்ல, எந்திரத்தின் இயல்பு. அதைத் தாண்டிக் குறைந்தால் அந்தக் குழாயில் விற்பனையை நிறுத்த வேண்டும்.

தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் பார்க்காதீர்கள். பெட்ரோலை பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்குவதற்கு அனுமதியில்லை. தீ விபத்துக்கும் இடமுண்டு. தவிர, பாட்டில் சட்டப்படியான அளவையும் அல்ல.

"சோதனை என்றதும் ரிமோட்டை அணைத்துவிட்டால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாத்திரத்தில் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் மைலேஜ் கணக்கை எழுதி வையுங்கள். குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறியுங்கள். ஓட்டிய பிறகு அதே மாதிரி மறுபடியும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு பங்கில் மூன்று முறை, இன்னொரு பங்கில் மூன்று முறை செய்து பாருங்கள். வேறுபாடு தொடர்ந்து பெரிதாக இருந்தால் ரசீதுகளோடு புகார் கொடுங்கள். எந்திரத்தைத் திறந்து முத்திரையைச் சோதிக்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு.

கண்ணெதிரே நடப்பவை

சிப் மோசடியைவிட, கவனக்குறைவால் பணம் போவதே அதிகம்.

1. "பாய், ஜீரோ பாத்துக்குங்க" என்று ஊழியர் சொன்னால் திரையைப் பாருங்கள். சொல்லாவிட்டாலும் பாருங்கள். பைக்கிலிருந்து இறங்கி, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு நிற்பது நல்லது.

2. நீங்கள் 500 ரூபாய்க்குக் கேட்டிருப்பீர்கள். 200இல் நிறுத்திவிட்டு, "200ன்னு காதுல விழுந்துச்சு, மீதி 300 போடுறேன்" என்பார். திரையைப் பூஜ்யமாக்காமல் 200இலிருந்து 300 வரை ஓட்டி நிறுத்தினால், 500 கொடுத்து 300க்குத்தான் வாங்கியிருப்பீர்கள். எனவே இடையில் நின்றால், மறுபடியும் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே தொடரச் சொல்லுங்கள்.

3. ஸ்பீடு, பவர், எக்ஸ்பி 95 போன்றவை சாதாரண பெட்ரோலைவிட விலை கூடியவை. வேண்டாம் என்றால் "சாதா பெட்ரோல்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. கியூ.ஆர். கோடில் பணம் அனுப்பும்போது தொகையை ஒருமுறை சரிபாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். விலை 2017 ஜூன் 16 முதல் தினந்தோறும் காலை 6 மணிக்கு மாற்றியமைக்கப்படுவதால், நேற்றைய விலையை வைத்துச் சண்டையிட வேண்டாம்.

ஆதாரமில்லாத சந்தேகங்கள்

வீண் சந்தேகமும் பாவத்தில் சேரும். நேர்மையாகத் தொழில் செய்யும் பங்க் உரிமையாளர்களும், நாள் முழுக்க வெயிலில் நிற்கும் ஊழியர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

100க்குப் பதில் 110 ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்பார்கள். பல்சரில் கைவைத்திருந்தால் எந்தத் தொகைக்கும் அளவு குறையத்தான் செய்யும். விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பதும் அப்படியே. தொட்டி தரைக்கடியில் இருப்பதால் காலைக்கும் மாலைக்கும் வெப்பத்தில் பெரிய மாற்றம் வராது. "10 லிட்டர் டேங்கில் 11 லிட்டர் எப்படிப் போகும்?" என்பதும் அடிக்கடி கேட்கும் கேள்வி. நிறுவனம் குறிப்பிடும் கொள்ளளவுக்கு மேலும் டேங்கில் இடம் விடப்பட்டிருக்கும். கழுத்துவரை நிரப்பினால் கூடுதலாகப் பிடிக்கும். இதை வைத்து மட்டும் யார் மீதும் பழி சொல்லக்கூடாது.

வெளிநாடு செல்வோர் கவனத்துக்கு

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2015 ஆகஸ்ட் முதல் பெட்ரோல் விலை மாதந்தோறும் அறிவிக்கப்படுகிறது. அங்கே இ-பிளஸ் 91, ஸ்பெஷல் 95, சூப்பர் 98 என்று மூன்று வகை. எது வேண்டும் என்று சொல்லாவிட்டால் விலை கூடியது விழக்கூடும். வண்டிக்கு எந்த எண் போதும் என்று டேங்க் மூடியின் உட்புறத்திலோ வண்டிக் கையேட்டிலோ பாருங்கள். 95 போதும் என்ற வண்டிக்கு 98 போடுவதால் பெரிய பலன் இல்லை.

மலேசியாவில் 2025 செப்டம்பர் 30 முதல் ரான் 95 பெட்ரோலைச் சலுகை விலையில் தருவது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. தொடக்கத்தில் அவ்விலை லிட்டர் 1.99 ரிங்கிட். நம்மவர்களுக்குக் கூடுதல் விலை என்றால் அது சட்டம்; ஏமாற்று அல்ல. அடுத்தவர் அடையாள அட்டையைக் காட்டிச் சலுகை விலையில் போடுவதும் அளவு குறைப்பதைப் போன்ற மோசடிதான், அதைச் செய்யாதீர்கள். அங்கே குழாயடியில் கார்டு தேய்த்தால் வங்கி 200 ரிங்கிட்வரை முன்கூட்டியே நிறுத்தி வைத்து, சில நாள் கழித்து மீதியை விடுவிக்கும். கையில் பணம் குறைவாக உள்ளவர்கள் உள்ளே கவுண்டரில் குழாய் எண்ணையும் தொகையையும் சொல்லிப் பணம் கட்டுவது நல்லது.

எங்கே முறையிடுவது?

முதலில் பங்க் மேலாளரிடம் சொல்லி, புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, நேரம், குழாய் எண், தொகை ஆகியவை அதில் இருக்கட்டும். அங்கே எழுதியுள்ள எண்ணெய் நிறுவன அதிகாரியின் எண்ணுக்கும் தெரிவியுங்கள். தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசலாம். அளவு குறைந்த புகார்களைத் தொழிலாளர் துறைக்கு எழுத வேண்டும். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கிடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

எழுதத் தெரியாதவர்கள், நேரமில்லாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் நம் அலுவலகத்துக்கு ரசீதோடு வாருங்கள். புகாரை நாம் எழுதித் தருகிறோம். "15 ரூபாய்க்காகவா?" என்று கூச்சப்பட வேண்டாம். ஒருவர் கேட்டால், அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அளவு சரியாகும்.

அளவிலும் நிறுவையிலும் நேர்மை காக்கும் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.