படகுக்கு எந்த விசிறி பொருந்தும்?

மும்பை கேட்வே ஆப் இந்தியா எதிரே உல்லாச மோட்டார் படகுகள் மிதப்பதை நம்மவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் படகுகளுக்கு உயிர், பின்புறம் நீருக்குள் சுழலும் விசிறிதான். "புரொப்பல்லர்" என்பார்கள்.

இரண்டு எண்கள்

விசிறியில் 13 × 19 என்று பொறித்திருக்கும். 13 அங்குலம் குறுக்களவு. 19 அங்குலம் "பிட்ச்". அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரம். தண்ணீரில் நழுவுவதால் உண்மையில் சற்றுக் குறையும்.

பிட்ச் கூடினால் வேகமும் கூடும் என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு. அளவு மீறினால் என்ஜின் திணறும், நாளடைவில் பழுதாகும். மிகவும் குறைந்தாலோ, சுற்று எல்லை மீறும். அதுவும் கெடுதல்.

சோதனை எப்படி?

வழக்கமாக ஏறும் ஆட்கள், எரிபொருளுடன் முழு வேகத்தில் ஓட்டிச் சுற்றுமானியைப் பார்க்க வேண்டும். என்ஜின் கையேட்டில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்றிருக்க, முள் 4,700-லேயே நின்றால் பிட்ச் அதிகம் என்று பொருள். ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 200 சுற்று ஏறும். 15 பிட்ச் போட்டால் 5,500 வரும்.

ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்து விசிறி வாங்குவது தவறு. எதிர்காற்றில், குடும்பத்தோடு கரை திரும்பும் வேளையில்தான் அந்தத் தவறு தெரியவரும்!