முங்கிய படகை வாங்கலாமா?

டீயைக் குடி தம்பி, சொல்கிறேன். புயலில் முங்கி எடுத்த 28 அடி ஃபைபர் படகு, பக்கவாட்டில் ஒரு முழத்துக்குக் கிழிசல், எஞ்சினும் கூடவே தருகிறார்கள், விலை மலிவு. நாகப்பட்டினத்திலிருந்து மல்லிப்பட்டினம் வரை ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இப்படிப் படகுகள் கைமாறுகின்றன. 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த படகுகளை நீயே பார்த்திருப்பாய். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கிழிசலைச் சுற்றி நின்று பேரம் பேசுவார்கள். கிழிசலை அடைப்பது சில நாள் வேலை. உள்ளே போய் இன்னும் வெளியே வராத தண்ணீர் எவ்வளவு, எங்கே என்பதைத்தான் நீ விலை போட வேண்டும்.

ஃபைபர் என்றால் என்ன? மேட் எனப்படும் கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக ஒட்டி இறுகவிட்டது. வெளியே வழவழப்பாகத் தெரிவது ஜெல்கோட். அடுக்குகளும் ஜெல்கோட்டும் சேர்ந்த இந்தத் தோல் பத்து நாள் தண்ணீரில் கிடந்ததால் கெட்டுவிடாது. எப்போதும் தண்ணீரிலேயே மிதக்கும் படகில் வருடக்கணக்கில் ஈரம் ஊறிக் கொப்புளம் எழும்பும். குத்தினால் காடி வாடையோடு நீர் வடியும். தினமும் மணலில் ஏற்றுகிற படகில் அது குறைவு, அதனால் நான் அதற்கு அதிகம் பயப்படுவதில்லை.

நான் பயப்படுவது ஃபைபருக்குள் மூடிவைத்த மரத்துக்கும் நுரைக்கும். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் பல படகுகளில் பிளைவுட் இருக்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகளுக்குள் மரம் இருக்கலாம். தட்டுக்கு அடியில் மிதப்புக்காக நுரையோ தெர்மோகோலோ அடைத்திருப்பார்கள். போல்ட் துளை வழியாக, முடி அளவு விரிசல் வழியாகத் தண்ணீர் அங்கே போய்விடும். திரும்பி வர வழியில்லை. கட்டுமரம் ஓட்டிய நம் பெரியவர்கள் கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயவைத்தார்கள். ஊறிய மரம் கனக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஃபைபர் படகில் மரத்தைக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் முதலில் பின்பலகைக்குப் போ. எஞ்சினின் கனமும் உந்தலும் முழுக்க அதன்மேல்தான். ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியலின் பிடியாலோ ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வா. நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் ‘பொத் பொத்’ என்று கேட்கும். சந்தேகம் வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடு. பிறகு விற்கிறவரிடம் அனுமதி கேட்டு, உள்பக்கமாக, தாழ்வான இடத்தில் 5 மி.மீ. டிரில்லால் பிளைவுட் வரைக்கும் ஒரு துளை போடு. வெளிறிய, உலர்ந்த தூள் வந்தால் நிம்மதி. கறுப்பாக, ஈரமாக, மக்கின வாடையோடு வந்தால் பலகை போய்விட்டது என்று வைத்துக்கொள். நல்லதாக இருந்தால் துளையை ரெசின் வைத்து உடனே அடைத்துவிடு. துளையே போடக் கூடாது என்று அவர் சொன்னால், பலகை கெட்டது என்று கணக்கு வைத்துத்தான் நான் விலை கேட்பேன்.

கெட்ட பலகையை மாற்ற முடியும். உள்தோலை அறுத்து, மக்கிய பிளைவுட்டைச் சுரண்டி எடுத்து, காயவிட்டு, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை அடுக்கி ஒட்டி, மேலே திரும்ப மேட் போட வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று போல்ட் துளை. பழைய பலகை கெட்டதே பெரும்பாலும் அதன் வழியாகத்தான். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, கெட்டியாகக் குழைத்த ரெசினால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவில் மறுபடி துளை போட்டால் தண்ணீர் மரத்தைத் தொடாது.

அடுத்தது நுரை. 100 லிட்டர் கடல்நீர் 100 கிலோவுக்கு மேல் கனம். நுரை அவ்வளவு குடித்திருந்தால், ஒன்றிரண்டு ஆட்களை எப்போதும் அடித்தட்டுக்குக் கீழே ஏற்றிக்கொண்டு தொழிலுக்குப் போகிறாய். கவிழ்ந்தால் படகைத் தண்ணீருக்கு மேல் பிடித்து நிறுத்த வேண்டியதும் அந்த நுரைதான். ஊறிப்போனால் அது பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் செலவைப் பார்க்காதே. இந்தப் படகை முன்பு தள்ளினவர்களைத் தேடிப் பிடித்து, அப்போது எத்தனை பேர் தள்ளினார்கள், இப்போது எத்தனை பேர் வேண்டியிருக்கிறது என்று கேள். அவர்கள் தோளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. தட்டைத் திறந்து நுரையை அள்ளிப் பிழிந்தும் பார். மாற்றும்போது வெறும் தெர்மோகோல் மேல் நேராக ரெசின் ஊற்றாதே. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும், மேலே தட்டு மட்டும் பொக்கையாக நிற்கும். பாலியூரித்தேன் நுரை அப்படிக் கரையாது.

எஞ்சினுக்கு ஒரே கேள்விதான்: தண்ணீரிலிருந்து எடுத்த பிறகு எத்தனை மணி நேரத்தில் திறந்தார்கள்? உப்புநீரில் மூழ்கிக் கிடக்கும்போது நடக்கும் சேதத்தைவிட, வெளியே எடுத்துக் காற்றுப்பட்டபின் நடப்பது வேகமானது. உடனே நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, ஆயில் விட்டுச் சுழற்றி, அன்றைக்கே ஓடவிட்டிருந்தால் பிழைத்திருக்கும். அன்றைக்கு மெக்கானிக் கிடைக்காவிட்டால் எஞ்சினை நல்ல தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி வைப்பதுதான் சரி. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் துருவுக்குக் காற்று வேண்டுமே. இரண்டு வாரம் கரையில் சும்மா கிடந்தது என்றால் பேரிங்கில் துரு ஏறியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை இழுத்திருந்தால் கனெக்டிங் ராடும் வளைந்திருக்கலாம். கியர் ஆயிலையும் திறந்து பார். பால் மாதிரி வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. என்னைக் கேட்டால், எஞ்சினை விற்கிறவரிடமே விட்டுவிட்டு வெறும் கூட்டுக்கு மட்டும் விலை பேசு. ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர் எல்லாவற்றையும் பூஜ்யமாக வை.

இப்போது கிழிசல். அறுந்த விளிம்பைச் சுற்றிச் சரிவாகத் தேய்க்க வேண்டும், தோலின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்கு. 6 மி.மீ. தோல் என்றால் மூன்று அங்குலச் சரிவு. அந்தச் சரிவில்தான் புது மேட் பிடிக்கும். மேலோட்டமாக ஒட்டுப்போட்டால் முதல் பெரிய அலையிலேயே பிரியும். ஈரத்திலும் உப்பிலும் எண்ணெயிலும் ரெசின் ஒட்டாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் நல்ல தண்ணீரில் பலமுறை கழுவு. காய்ந்துவிட்டதா என்று பார்க்க, தேய்த்த இடத்தில் கண்ணாடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வெயிலில் விடு. உள்பக்கம் முத்துமுத்தாக வியர்த்தால் இன்னும் காயவில்லை. வேலை செய்கிற பையன்களுக்கு முகமூடி வாங்கிக் கொடு, கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேராகக் கலக்கவிடாதே, வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகே மற்றது.

காய்வதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதில்தான் உன் பணம் இருக்கிறது. நம் புயல்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகின்றன. படகு மலிவாக விற்பனைக்கு வருவதும் அப்போதுதான், காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதும் அப்போதுதான். ஊறிய கூடு தை, மாசி, பங்குனி வெயிலைக் குடித்தால்தான் கைவைக்க முடியும். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகு வேலை குவியும், நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லிவை. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் மூடினால் அதே தண்ணீரை நீயே உள்ளே வைத்துப் பூசுகிறாய். ஆக, பாடு இல்லாத நாலைந்து மாதம். கைக்காசு என்றால் பொறுக்கலாம். வட்டிக்கு வாங்கிய காசு என்றால் மலிவு விலை அந்த மாதங்களிலேயே தின்னப்பட்டுவிடும், வேண்டாம்.

கூட்டின் வயதையும் கேள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் ஏராளமான ஃபைபர் படகுகள் அவசரத்தில் செய்து கொடுக்கப்பட்டன. நல்லவையும் உண்டு, மெல்லியவையும் உண்டு. கிழிசலின் விளிம்பிலேயே தோலின் கனம் தெரியும், ஸ்கேல் வைத்து அள. மெல்லிய கூட்டுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அது மெல்லிய கூடுதான்.

இதே அளவில் புதுக்கூடு என்ன விலை என்று யார்டில் கேட்டு எழுதிக்கொள். வாங்கும் விலை, பலகை, நுரை, ரெசின், கூலி, காயும் மாதங்களின் வட்டி எல்லாம் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டாவிட்டால் தைரியமாக இறங்கு. முக்கால்வாசியைத் தொட்டால் விட்டுவிடு. நடுவில் நின்றால், பின்பலகை காய்ந்திருக்கிறதா என்பதை வைத்து நான் முடிவெடுப்பேன். மற்றபடி இப்படி ஒரு கூட்டை மீட்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஃபைபர் மக்காது, எரித்தால் நச்சுப்புகை. கைவிட்ட கூடுகள் மணலில் புதைந்து வலையையும் காலையும் கிழித்துக்கொண்டு கிடக்கின்றன.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போ. படகின்மேல் எழுதிய பதிவெண்ணும் சான்றிதழில் உள்ளதும் ஒன்றா, கடன் பாக்கி இருக்கிறதா, புயல் நிவாரணத்தில் ‘முழுச் சேதம்’ என்று எழுதி ஏற்கெனவே பணம் வாங்கியாகிவிட்டதா என்று பார். பெயர் மாற்ற முடியாத படகுக்கு மானிய டீசலும் கிடைக்காது, அடுத்த புயலில் நிவாரணமும் கிடைக்காது. நாளைக்குப் போகும்போது டிரில்லும் சாக்பீஸும் எடுத்துக்கொள், ஃபைபர் வேலை தெரிந்த ஒருவரை அரைநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போ. விற்கிறவருக்கு வேண்டிய ஆளாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.